தந்தை பழியும் மைந்தன் கடனும்: ஆர்கைல் பிரபு குலத்தின் வரலாறு எழுப்பும் ஓர் அறவியல் வினா

தமிழிற் 'கடன்' என்னும் சொல் இருபொருள் உடையது. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். ஒருவன் செய்தே ஆகவேண்டிய கருமமும் கடன். 'பழி' என்னும் சொல்லும் அத்தகையதே. குற்றஞ் செய்தவனை வந்தடையும் இழிபெயரும் பழி. அக்குற்றத்துக்காகப் பிறர் அவனிடம் வாங்குவதும் பழி. இவ்விரு சொற்களும் ஒருவனுடைய வாழ்நாளோடு முடிவன அல்ல. தந்தை பட்ட கடனை மைந்தன் தீர்ப்பதும், தந்தைமேல் வந்த பழியை மைந்தன் சுமப்பதும் எல்லாச் சமுதாயங்களிலும் காணப்படுகின்றன. எனினும், முன்னையதை நீதியென ஏற்கும் மனிதமனம் பின்னையதை ஏற்கத் தயங்குகின்றது. இத்தயக்கம் நியாயமானதா? தந்தையின் நிலத்தையும் பெயரையும் பெறுகின்றவன் அவற்றோடு வேறு எவற்றைப் பெறுகின்றான்? எவற்றை மறுக்க அவனுக்கு உரிமை உண்டு?

இவ்வினாக்களைப் பொதுப்பட ஆராய்வதினும் ஒரு மனிதனின் வாழ்க்கையில் வைத்து ஆராய்வது பயன்தரும். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் வாழ்ந்த ஆர்ச்சிபோல்ட் காம்பெல், ஒன்பதாம் ஆர்கைல் பிரபு (1629–1685), இதற்கு மிகப் பொருத்தமானவர். தந்தையின் குற்றத்துக்காக அவர் அனைத்தையும் இழந்தார். தந்தையின் உரிமையை மீண்டும் பெற்றார். தந்தை விட்டுச்சென்ற கடன்பத்திரங்களைக் கொண்டு பிறிதொரு குலத்தின் மைந்தனை அழித்தார். ஈற்றில் தந்தை மாண்ட அதே பொறியில் தலைவெட்டுண்டு மாண்டார். மரபுரிமையின் எல்லா முகங்களும் இவ்வொரு வாழ்க்கையிற் புலப்படுகின்றன.

1

காம்பெல் குலத்தவர் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தனர். மலைநாட்டிற் குலத்தலைவர் என்ற வகையிலும், அரசவையிற் பிரபு என்ற வகையிலும், தம் ஆட்சிப் பரப்பில் நீதிவழங்கும் அதிகாரி என்ற வகையிலும் ஆர்கைல் பிரபு ஒருவரே மூவகை அதிகாரத்தை உடையவராய் விளங்கினார். பிற குலங்களின் வீழ்ச்சியே இக்குலத்தின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. தீவுகளின் தலைமையைக் கொண்டிருந்த மக்டொனால்ட் குலத்தாரின் பிரபுத்துவத்தை முடியரசு 1493இற் பறிமுதல் செய்தது. 1607இல் அவர்களுக்குரியதாயிருந்த கின்டயர் குடாநாடு ஏழாம் ஆர்கைல் பிரபுவுக்கு வழங்கப்பட்டது.

இந்த ஏழாம் பிரபுவே ஒன்பதாம் பிரபுவின் பாட்டனார். அவர் இரண்டாந் திருமணத்தின் பின் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, 1618இல் நாட்டை நீங்கி ஸ்பானிய மன்னனின் படைச்சேவையிற் சேர்ந்தார். மறு ஆண்டில் அவர் துரோகியெனப் பிரகடனஞ் செய்யப்பட்டார். 1621இல் அது நீக்கப்பட்டது. அப்போது இளைஞராயிருந்த மைந்தர், தந்தை விட்டகன்ற நிலங்களின் நிருவாகத்தையும் கடன்களையும் ஏற்கவேண்டியிருந்தது. அம்மைந்தனை நம்பவேண்டாம் எனத் தந்தையே மன்னர் முதலாம் சாள்ஸை எச்சரித்தார் என கிளாரென்டன் தமது வரலாற்றிற் குறிப்பிடுகின்றார். தந்தைக்கும் மைந்தனுக்கும் இடைப்பட்ட உறவு, பாசத்தினாலன்றி ஆவணங்களினாலேயே கட்டப்பட்ட குடும்பம் இது என்பது இதனாற் புலனாகும்.

எட்டாம் பிரபுவாகிய அம்மைந்தர் 1638இற் பட்டத்துக்கு வந்தார். அவ்வாண்டிலேயே, மன்னர் திருச்சபையிற் புகுத்த முயன்ற மாற்றங்களை எதிர்த்துத் தேசிய உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. கிளாஸ்கோவில் நடைபெற்ற திருச்சபைப் பேரவையை மன்னரின் பிரதிநிதி கலைத்து வெளியேறியபோது ஆர்கைல் வெளியேறாது அமர்ந்திருந்தார். அன்றுமுதல் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் ஸ்கொட்லாந்தின் அரசியலில் அவரை மீறி எதுவும் நிகழ்ந்ததில்லை எனலாம். 1641இல் மன்னர் அவரை இணக்கப்படுத்தும் பொருட்டு மார்க்குவிஸ் என்னும் உயர்பட்டத்தை அளித்தார்.

அவருடைய கொள்கைப் பற்றினை ஐயுறவேண்டியதில்லை. ஆயினும், கொள்கையின் பெயரால் நிகழ்ந்தவற்றிற் பல கொடியன. 1645 பெப்புருவரி 2ஆம் நாள் இன்வர்லொக்கியில் மொன்ரோஸ் பிரபுவின் படையிடம் காம்பெல் படை தோற்று, ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்; அப்போது ஆர்கைல், காயமுற்றிருந்தமையால், கடலில் நின்ற கப்பலிலிருந்தே அத்தோல்வியைக் கண்டார். மறு ஆண்டில், காம்பெல் குலத்தார் தம்மிடஞ் சரணடைந்த லமொண்ட் குலத்தாரை டனூனிற் படுகொலை செய்தனர். 1647இல் டனவேட்டிக் கோட்டையிற் சரணடைந்தோர் கொல்லப்பட்டபோது ஆர்கைல் படையுடன் இருந்தார். போர்வழியால் மட்டுமன்றிப் பத்திரவழியாலும் அவர் நிலஞ்சேர்த்தார். தம் சகோதரியின் கணவராகிய ஹன்ட்லி பிரபுவின் கடன்பத்திரங்களை வாங்கிச் சேர்த்து அவருடைய நிலங்களைத் தம்வசப்படுத்தினார். மல் தீவின் மக்ளீன் குலத்தலைவரின் கடன்களையும் அவ்வாறே வாங்கிவைத்தார்.

1651 ஜனவரி முதலாம் நாள் ஸ்கூன் நகரில் இரண்டாம் சாள்ஸின் தலையில் முடியைச் சூட்டியவர் ஆர்கைலே. ஆயின், அடுத்த ஆண்டிற் குரொம்வெல்லின் ஆட்சிக்கு அவர் பணிந்தார். 1660இல் முடியாட்சி மீண்டபோது மன்னரைக் காணச்சென்ற அவர் சிறைப்படுத்தப்பட்டார். முதலாம் சாள்ஸின் மரணத்திற் பங்குகொண்டார் என்னும் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டாராயினும், ஆக்கிரமிப்பு ஆட்சிக் காலத்தில் அவர் தளபதி மொங்குக்கு எழுதிய கடிதங்கள் இறுதி வேளையில் முன்வைக்கப்பட்டன. 1661 மே 27ஆம் நாள், எடின்பரோவில், 'கன்னி' எனப் பெயர்வழங்கிய தலைவெட்டும் பொறியில் அவர் கொல்லப்பட்டார். 1650இல் தூக்கிலிடப்பட்ட மொன்ரோஸின் தலை எந்த ஈட்டிமுனையிற் குத்தப்பட்டிருந்ததோ அதே முனையில் ஆர்கைலின் தலை வைக்கப்பட்டது. இருவரும் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழக மாணவராயிருந்தோர். வில்வித்தைப் போட்டியில் முன்னவர் 1628இலும் பின்னவர் 1623இலும் பரிசு பெற்றோர். பழிக்குப் பழி என்னும் நெறி, ஒரே ஈட்டிமுனையில் இரு தலைகளையும் மாற்றிவைத்துத் தன் கணக்கினை முடித்துக்கொண்டது.

ஆயின், கணக்கு முடியவில்லை. மைந்தன் இருந்தான்.

2

தந்தை பெயரையே உடைய மைந்தர் 1629இற் பிறந்தார். அக்கால மலைநாட்டு வழக்கப்படி அவர் பெற்றோரிடமன்றிக் குலத்தவராகிய கிளெனோக்கி காம்பெல் குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்தார். சிறுவன் கேலிக் மொழியிற் சலிப்புறுகிறான் எனக் கேள்வியுற்ற தாயார், அம்மொழியை அவன் கைவிடாதிருக்கச் செய்யுமாறு கடிதம் எழுதினார். குலத்தின் மொழியை அறியாதவன் குலத்தை ஆளமுடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். மைந்தன் பெறவேண்டிய மரபுரிமையில் நிலத்துக்கு முன்னரே மொழி இடம்பெற்றது என்பது கவனிக்கத்தக்கது.

வளர்ந்த மைந்தர் தந்தை சென்ற வழியிற் செல்லவில்லை. 1650இல் டன்பார்ப் போரில் இரண்டாம் சாள்ஸின் காவற்படைத் தலைவராகப் போரிட்டார். தந்தை குரொம்வெல் ஆட்சிக்குப் பணிந்திருக்க, 1653இல் மைந்தர் கிளென்கேர்ன் பிரபு தலைமையில் நடைபெற்ற அரச ஆதரவுக் கிளர்ச்சியிற் சேர்ந்தார். தந்தை அவரை வெளிப்படையாகவே கண்டித்தார். 1657இல் ஸ்ரூவர்ட் வமிசத்தை மறுக்கும் சத்தியத்தைச் செய்ய மறுத்தமையால் அவர் எடின்பரோக் கோட்டையிற் சிறையிடப்பட்டார். அங்கே, விளையாட்டாக எறியப்பட்ட இரும்புக் குண்டொன்று தெறித்துத் தலையிற் பட்டமையால் மண்டையோடு பிளந்து, பிழைப்பது அரிதென்னும் நிலையை அடைந்தார்.

எனவே, எந்தக் குற்றத்துக்காகத் தந்தை தண்டிக்கப்பட்டாரோ அக்குற்றத்துக்கு நேர்மாறானதை மைந்தர் செய்திருந்தார் என்பது தெளிவு. தந்தை பணிந்தபோது இவர் போரிட்டார். தந்தை ஒத்துழைத்தபோது இவர் சிறையிருந்தார். எனினும், 1661ஆம் ஆண்டின் தீர்ப்பு தந்தையின் உயிரோடு மைந்தனின் பட்டத்தையும் நிலத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டில், தம்மைப்பற்றி மன்னரிடம் பொய்யுரைக்கப்படுவதாக நண்பரொருவருக்கு அவர் எழுதிய கடிதம் இடைமறிக்கப்பட்டது. அதுவே குற்றமாகி, 1662 ஆகஸ்டில் அவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது. லோடர்டேல் பிரபுவின் ஆதரவினால் அத்தண்டனை நிறைவேறவில்லை.

துரோகியின் மைந்தனைத் தண்டிக்கும் இவ்விதியை வெறுங் கொடுமையென ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் ஒரு நியாயம் கூறப்பட்டது. பிரபுவின் நிலம், படையையும் நீதிமன்றத்தையும் தன்னகத்தே கொண்ட அதிகாரமாகும். விசுவாசத்துக்கு ஈடாக முடி வழங்கியது. விசுவாசம் முறிந்தால் வழங்கியதை மீளப்பெறுவது தண்டனையன்று, ஒப்பந்தத்தின் முடிவே. அன்றியும், தன்னுயிரை அஞ்சாத மனிதனும் தன் பிள்ளைகளின் வறுமையை அஞ்சுவான். ஆதலின் இவ்விதி நாட்டின் அமைதிக்குக் காவல் என வாதிக்கப்பட்டது.

இவ்வாதத்தின் இரண்டாம் பகுதியே அதன் குறையைக் காட்டிக்கொடுக்கின்றது. பிள்ளையை வருத்தித் தந்தையை அச்சுறுத்துதல் என்பது, பிள்ளையை ஒரு மனிதனாகக் கொள்ளாது தந்தையின் உடைமைகளுள் ஒன்றாகக் கொள்வதாகும். அக்காலத்து ஸ்கொட்லாந்தர் நாடோறும் ஓதிய விவிலியத்திலே, தந்தையின் அக்கிரமத்தை மைந்தன் சுமப்பதில்லை என எசேக்கியேல் தீர்க்கதரிசி கூறும் அதிகாரம் இருந்தது. தந்தையரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் எனக் கூறும் யாத்திராகமமும் இருந்தது. நீதிமன்றங்கள் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டன. ஒல்லாந்தில் 1683 தொடக்கம் 1689 வரை அஞ்ஞாதவாசஞ் செய்த ஜோன் லொக், 1689இல் வெளிவந்த தமது அரசியல் நூலில் இதற்கு மெய்யியல் அடிப்படையில் விடையளித்தார். நீதியான போரில் வென்றவனுக்குக்கூட, போரிட்டவனின் உயிர்மீது உரிமை உண்டேயன்றி அவன் பிள்ளைகளின் உடைமைமீது உரிமையில்லை என்பது அவர் முடிபு. தந்தையின் தவறு பிள்ளையின் குற்றமாகாது.

ஒரு நூற்றாண்டின் பின் இமானுவேல் கான்ட் இதனை மேலும் நுணுகி நோக்கினார். பொருட்கடன் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாற்றப்படக்கூடியது. யார் செலுத்தினாலும் கடன்கொடுத்தவனுக்கு ஒன்றே. குற்றக்கடனோ அவ்வாறன்று. அது செய்தவனின் சித்தத்தைப் பற்றியது. அவன் மட்டுமே சுமக்கக்கூடியது. இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால் 1661இல் மைந்தருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் ஐயமில்லை.

3

ஆனால், வரலாறு இங்கே முடிந்துவிடவில்லை. 1663இல் மைந்தர் விடுதலை பெற்றார். தந்தையின் மார்க்குவிஸ் பட்டம் மீளவில்லையாயினும் பாட்டனாரின் பட்டமும் குலத்தின் நிலங்களும் அவருக்கு மீண்டும் வழங்கப்பட்டன. மறு ஆண்டில் தந்தையின் தலை ஈட்டிமுனையிலிருந்து இறக்கப்பட்டது. அநீதிக்குள்ளான மைந்தன் இப்பொழுது உரிமையாளனாயினான். அறவியல் நோக்கில் அவருடைய நிலை இத்தருணத்திலேயே மாறுகின்றது.

அக்கால ஸ்கொட்லாந்துச் சட்டத்தில், மரபுரிமையை ஏற்ற வாரிசு இறந்தவரோடு ஒரே ஆளாகக் கருதப்பட்டார். சொத்தின் பெறுமதி எதுவாயினும், இறந்தவரின் கடன்கள் அனைத்துக்கும் அவர் பொறுப்பாளியானார். இவ்விதியின் கடுமையைக் கருதியே, ஏற்பதா மறுப்பதா எனச் சிந்திக்க வாரிசுக்கு ஓராண்டுத் தவணை அளிக்கப்பட்டது. 1695இலேயே, சொத்துகளின் உண்மையான பட்டியலொன்றைச் சமர்ப்பித்து அவற்றின் பெறுமதியளவுக்கு மட்டும் பொறுப்பேற்கும் வழி சட்டத்தினால் உண்டாக்கப்பட்டது. சட்டத்தின் இத்தருக்கம் ஆழ்ந்து நோக்கற்பாலது. இரத்தவுறவினால் மட்டும் எவனும் கடனாளியாவதில்லை. ஏற்கும் செயலினாலேயே கடனாளியாகின்றான். 'நான் அவருடைய வாரிசு' என்று கைநீட்டும் கணத்தில் அவன் தன் சித்தத்தினாலேயே சுமையைத் தோளேற்றுகின்றான்.

ஒன்பதாம் பிரபு கைநீட்டினார். அவர் பெற்றது சிக்கலான சொத்து. ஹன்ட்லியின் நிலங்கள் கோர்டன் குடும்பத்துக்குத் திருப்பியளிக்கப்பட்டன. ஆனால், அந்நிலங்களைப் பெறும்பொருட்டுத் தந்தை பொறுப்பேற்ற கடன்களோ காம்பெல் குடும்பத்தின் தலையில் எஞ்சின. கடன்கொடுத்தோர் நெருக்கினர். அவ்வேளையில் தந்தை விட்டுச்சென்ற இன்னொரு பத்திரக்கட்டு அவர் கையில் இருந்தது: மல் தீவின் மக்ளீன் குலத்தார் கொடுக்கவேண்டிய கடன்கள்.

இக்கடன்கள் பொய்யானவையல்ல. மக்ளீன் தலைவர்கள் முடிக்குச் செலுத்தவேண்டிய வரிகளும் பிறரிடம் பட்ட கடன்களும் உண்மையிலேயே நிலுவையில் இருந்தன. மார்க்குவிஸ் அவற்றை வாங்கித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அதன்பின் மக்ளீன் குலத்துக்குத் தலைவர்கள் நிலைக்கவில்லை. சேர் ஹெக்டர் மக்ளீன் 1651இல் இன்வர்கீதிங்கில் குரொம்வெல்லின் படையை எதிர்த்துத் தம் குலத்தார் நூற்றுக்கணக்கானோருடன் மாண்டார். ஆர்கைல் எந்த மன்னனுக்கு முடிசூட்டினாரோ அந்த மன்னனுக்காகவே அவர்கள் மாண்டனர். அவருக்குப் பின் வந்த தம்பி அலன் அப்போது சிறுவர். 1674இல் அலன் மறைந்தபோது அவருடைய மைந்தன் ஜோன் குழந்தைப் பருவத்தினன். கடனோ வட்டியோடு வளர்ந்துகொண்டேயிருந்தது.

அவ்வாண்டிலேயே ஒன்பதாம் பிரபு படையுடன் மல் தீவிலிறங்கி டுவாட் கோட்டையைக் கைப்பற்றினார். மக்ளீன் குலத்தார் எதிர்த்தபோது, தீயாலும் வாளாலும் அடக்குவதற்கான ஆணையை அரச ஆலோசனைச் சபையிடம் பெற்றார். 1679 அளவில் அத்தீவு அவருக்குப் பணிந்தது. நீதிமன்றத் தீர்ப்பு, கடன்பத்திரம், அரச ஆணை ஆகிய யாவும் அவர் பக்கமிருந்தன. இல்லாதிருந்தது ஒன்றே. தந்தையின் செயலுக்காக மைந்தன் அழிக்கப்படுதல் தகுமா என்று பல ஆண்டுகளுக்கு முன் அவர் தாமே கேட்டிருக்கக்கூடிய கேள்வி, அவர் செவியில் ஒலிக்கவில்லை.

4

இங்கே எளிதான ஒரு விடையைத் தவிர்த்தல் வேண்டும். குற்றம் வேறு, கடன் வேறு என்னும் கான்டின் பாகுபாட்டை ஏற்றால், ஒன்பதாம் பிரபு முரண்படவில்லை என்று வாதிடலாம். 1661இல் அவர்மீது சுமத்தப்பட்டது தந்தையின் குற்றம். 1674இல் மக்ளீன் குழந்தைமீது அவர் சுமத்தியது பாட்டனின் பொருட்கடன். நிலத்தைப் பெற்ற குழந்தை நிலத்தின்மீதுள்ள கடனையும் பெறத்தானே வேண்டும்? இவ்வாதம் வலிமையுடையது, இதனை மறுக்காமல் மேற்செல்ல இயலாது.

மறுப்பு, கடனின் நோக்கத்திலிருந்து தொடங்குகின்றது. கடன் என்பது திருப்பிக் கொடுக்கப்படும் எனும் எதிர்பார்ப்பில் எழும் உறவு. கொடுத்தவன் விரும்புவது தன் பொருள் மீள்வதை. மார்க்குவிஸ் மக்ளீன் கடன்களை வாங்கியதோ அவை தீர்க்கப்படவேண்டும் என்பதற்காகவன்று. தீர்க்கப்படாதிருக்க வேண்டும் என்பதற்காகவே. அயலானின் நிலத்தை விழுங்கும் பொறியாகப் பயன்படும் பத்திரம், வடிவத்திற் கடனாயினும் உள்ளியல்பிற் பகைமையாகும். மைந்தர் அப்பத்திரத்தைக் கையிலெடுத்தபோது தந்தையின் பணத்தை மட்டுமன்றித் தந்தையின் பகைமையையும் வசூலிக்கத் தொடங்கினார்.

இதிலிருந்து பொதுவான ஒரு முடிபு பெறப்படுகின்றது. மரபுரிமையில் மூன்று கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, குற்றம், அது செய்தவனோடு ஒழிவது. இரண்டாவது, பொருட்கடன், அது பொருளைப் பின்தொடர்வது. மூன்றாவது, தீமையினாற் பெற்ற அனுகூலம். இம்மூன்றாவதே சிக்கலுக்குரியது. தந்தை அநீதியாகப் பெற்றதை மைந்தன் அறிந்துகொண்டே வைத்திருப்பானாயின், பெற்றமைக்கு அவன் குற்றவாளியல்லன். ஆனால், வைத்திருத்தல் அவனுடைய செயல். தந்தையின் தவறுக்கான பொறுப்பு மைந்தனை வந்தடைவது இரத்தத்தின் வழியாகவன்று, விடாது பற்றியிருக்கும் அவன் கைகளின் வழியாகவே. டனூனில் லமொண்ட் குலத்தார் கொல்லப்பட்டபோது மைந்தருக்கு வயது பதினேழு. அக்கொலைக்கு அவரைப் பொறுப்பாக்குதல் அநீதி. ஆயின், டுவாட் கோட்டைக்கான பத்திரத்தை 1674இல் எடுத்தபோது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அப்பத்திரம் எவ்வாறு வந்ததென அறியாதவர் அல்லர்.

1929இல் கிளாஸ்கோவிற் பிறந்த மெய்யியலாளர் அலஸ்டயர் மக்கின்ரயர், 1981இல் வெளியிட்ட தமது அறவியல் நூலில், மனிதன் வெறுமையிலிருந்து தன்னைப் படைத்துக்கொள்வதில்லை என்றும், குடும்பம், ஊர், நாடு ஆகியவற்றின் கடன்களையும் உரித்துகளையும் கடமைகளையும் பெற்றே வாழ்வைத் தொடங்குகின்றான் என்றும் வாதிட்டார். கான்டின் தனிமனிதனுக்கும் மக்கின்ரயரின் மரபுமனிதனுக்கும் இடையே ஒன்பதாம் பிரபுவின் வாழ்வு நிற்கின்றது. தண்டனை வந்தபோது அவர் தனிமனிதன். உரிமை வந்தபோது மரபுமனிதன். இரண்டையும் தேவைக்கேற்ப மாற்றியணிதலே வாரிசுகள் பலரின் வழக்கம். முன்னோரின் பெருமையைத் தன் பெருமையாகக் கொள்பவன் அவர்தம் சிறுமையைக் கண்டு நாணவும் வேண்டும். பெருமை புகும் வாயிலாலேயே நாணமும் புகுகின்றது.

இங்கே ஒரு தடை எழலாம். இவ்வாறு பின்னோக்கிச் சென்றால் எல்லை எங்கே? மக்ளீன் குலத்தாரும் யாரோ ஒருவரை வென்றே மல் தீவிற் காலூன்றினர். வரலாற்றில் எந்த நிலம் இரத்தம் படாதது? இத்தடை முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும், எல்லாக் கணக்கையும் தீர்க்க இயலாது என்பதால் எந்தக் கணக்கையும் தீர்க்கவேண்டியதில்லை என்றாகாது. பத்திரம் கையிலிருக்க, இழப்பவன் கண்ணெதிரே நிற்க, தீமையின் வரலாறு நினைவில் வாழ, காலத்தின் மறைவிற் புகலடைதல் போலி நியாயமாகும். மக்ளீன் குழந்தை தொன்மையின் நிழலன்று, உயிரோடிருந்தவன்.

5

1681இல் அரசு விதித்த சோதனைச் சத்தியம் ஒன்றோடொன்று முரணும் கொள்கைகளை உள்ளடக்கியிருந்தது. அவ்வாண்டிலேயே ஸ்கொட்லாந்துச் சட்டம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்ட ஸ்டெயர் பிரபு போன்றோர் அச்சத்தியத்தினாற் பதவியிழந்தனர். ஆர்கைல், அச்சத்தியம் தன்னோடு தான் முரணாதவரைக்கும், புரட்டஸ்தாந்து சமயத்தோடு முரணாதவரைக்கும் தாம் ஏற்பதாக விளக்கங்கூறிச் சத்தியஞ் செய்தார். அவ்விளக்கமே துரோகமெனத் தீர்க்கப்பட்டு, டிசெம்பர் மாதம் மரணதண்டனை விதிக்கப்பட்டது. மனைவியின் முன்மணத்து மகளாகிய சோபியா லின்ட்சே தம்மைக் காணவந்தபோது, அவருடைய ஆடைத்தொங்கலை ஏந்திச்செல்லும் ஏவலாளன் வேடத்திற் கோட்டையை விட்டு வெளியேறி, ஈற்றில் ஒல்லாந்தை அடைந்தார்.

1685 மே மாதத்தில், ஏறத்தாழ 300 பேரோடு மூன்று கப்பல்களில் அவர் திரும்பிவந்தார். ஏழாம் ஜேம்ஸ் மன்னருக்கெதிரான பொதுப் பிரகடனத்தோடு தம் பெயரால் இன்னொரு பிரகடனத்தையும் அவர் வெளியிட்டார். தம் தந்தையின் கடன்களையும் தம் கடன்களையும் தீர்ப்பதற்குத் தாம் கடமைப்பட்டவர் என்றும், தமக்கும் தம் குடும்பத்துக்கும் இழைக்கப்பட்ட தனிப்பட்ட தீங்குகளை மன்னிப்பதாகவும் அதில் அறிவித்தார். கடன்களைத் தீர்ப்பதில் அவருக்கு அக்கறையில்லை என்ற பேச்சு நாட்டில் உலவியமையே அவ்வறிவிப்புக்குக் காரணம். ஐம்பத்தாறு வயதில், எல்லாம் இழந்த நிலையில், அவர் 'தந்தையின் கடன்' என்னும் சொல்லைத் தாமே முன்வந்து ஏற்றமை குறிப்பிடத்தக்கது. ஏற்றபோதோ கொடுப்பதற்கு அவர் கையில் எதுவுமில்லை.

அவர் மலைநாடெங்கும் எரிசிலுவையை அனுப்பினார். குலத்தலைவரின் அழைப்புக்கு அடையாளமாகிய அதனைக் கண்டு குடிகள் வந்தனர். மரபுரிமை பற்றிய ஆராய்ச்சிகளிற் பெரும்பாலும் மறக்கப்படுவோர் இவர்களே. பிரபு நிலத்தைப் பெற்றார், பட்டத்தைப் பெற்றார். குடியானவன் தன் தந்தையிடமிருந்து பெற்றது, பிரபு அழைக்கும்போது வாளெடுத்து வரவேண்டும் என்னும் கடன் ஒன்றையே. வாரிசுக்கு ஏற்பதா மறுப்பதா எனச் சிந்திக்கச் சட்டம் ஓராண்டு அளித்தது. எரிசிலுவையைக் கண்ட குடியானவனுக்கு அத்தகைய தவணை எதுவுமில்லை. கிளர்ச்சி சில வாரங்களிற் சிதறியது. அதன்பின் ஆர்கைல் நாட்டினுள் ஏவப்பட்ட படைகள் வீடுகளைச் சூறையாடின, குலத்தவர் பலர் தூக்கிலிடப்பட்டனர், பலர் கடல்கடத்தப்பட்டனர். மறுக்க இயலாத மரபுரிமையே மரபுரிமைகளுட் கொடியது.

பிரபு ஜூன் 18ஆம் நாள் இஞ்சினன் என்னுமிடத்தில், எளிய வேடத்திற் பிடிபட்டார். புதிய விசாரணை எதுவும் நடைபெறவில்லை. 1681ஆம் ஆண்டின் தீர்ப்பே போதுமெனக் கருதப்பட்டது. ஜூன் 30ஆம் நாள், தந்தையின் தலையை வெட்டிய அதே 'கன்னி'யின் கீழ் அவர் தலை வைத்தார். இறுதி நாளில் அவர் அமைதியாக உறங்கியதைக் கண்ட எதிராளியொருவர் மனங்கலங்கினார் என்னும் செய்தி பிற்காலத்தில் ஓவியமாகவும் தீட்டப்பட்டது. அவ்வுறக்கம் உண்மையாயின், அது குற்றமற்றவனின் உறக்கமா, கணக்கை ஒப்புக்கொண்டவனின் உறக்கமா என்பது சிந்தனைக்குரியது.

6

ஒன்பதாம் பிரபுவின் மைந்தரின் பெயரும் ஆர்ச்சிபோல்ட். தந்தை கிளர்ச்சி செய்த 1685இல், இழந்த சொத்தை மீட்கும் நோக்கில் அவர் மன்னர் பக்கம் நின்று பணிபுரிய முன்வந்தார். அது பலிக்காதபோது ஒல்லாந்து சென்று வில்லியமுடன் சேர்ந்தார். 1689 மே மாதத்தில் வில்லியமுக்கும் மேரிக்கும் ஸ்கொட்லாந்தின் முடிசூட்டுச் சத்தியத்தைச் செய்துவைத்தோருள் அவரும் ஒருவர். அவ்வாண்டே தந்தைக்கெதிரான பறிமுதல் தீர்ப்பு நீக்கப்பட்டது. 1701இல் டியூக் பட்டம் கிடைத்தது. குழந்தையாய் நிலமிழந்து வளர்ந்த சேர் ஜோன் மக்ளீன் ஸ்ரூவர்ட் மன்னருக்காகப் போரிட்டார். 1691இல் அவர் டுவாட் கோட்டையை ஒப்படைத்தது இந்தப் பத்தாம் பிரபுவிடமே. இரு குலங்களின் மைந்தரும் தந்தையரின் கணக்கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டே வாழ்ந்தனர்.

தந்தையின் பழி மைந்தனைச் சாராது என்னும் கொள்கை உண்மையானது. அதனைக் கைவிடுதல் தகாது. அதனைக் கைவிட்ட சமுதாயங்களில் ஈட்டிமுனைகள் ஒருபோதும் வெறுமையாய் இருப்பதில்லை. ஆயினும், அக்கொள்கை மைந்தனுக்குத் தன் கைகளைப் பாராதிருக்கும் உரிமையை அளிப்பதில்லை. 1695ஆம் ஆண்டின் சட்டம் வாரிசிடம் ஒரு பட்டியலைக் கேட்டது. தன் பொறுப்பினை வரையறுத்துக்கொள்ள விரும்புபவன், தான் பெற்ற ஒவ்வொன்றையும் மறைக்காது எழுதவேண்டும் என்றது. அறமும் அதனையே கேட்கின்றது. ஆனால் ஒரு வரி கூடுதலாகக் கேட்கின்றது. தந்தை கொடுக்கவேண்டியவை எவை என்பதோடு, தந்தை பெறவேண்டியவையாக விட்டுச்சென்றவற்றுள் பெறாது விடவேண்டியவை எவை என்பதும் அப்பட்டியலில் இடம்பெறல் வேண்டும். மக்ளீன் குழந்தையின் கடன்பத்திரம் அவ்வரியில் எழுதப்பட்டிருக்குமாயின், ஆர்கைல் குலம் ஒரு தீவினை இழந்திருக்கும். மைந்தர் தம் தந்தையினும் பெரியராய் விளங்கியிருப்பார்.